பேச்சு வெளியே வராத வீடு

என் வீட்டுக்காரருக்கு ரேடியோ என்றால் பைத்தியம். நான் சொல்லவில்லை, தோட்டமே சொன்னது. கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இவர் லோரி ஓட்டினார், நான் பால்மரம் வெட்டினேன், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தேன். அது வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம். அவர்களை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்தவர்களுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாதென்று எங்கள் வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டு, வாசலில் காவல் வைத்திருந்தார்கள். அந்தக் கம்பிக்குள் ரேடியோ வைத்திருந்த தொழிலாளி வீடு எங்களுடையது மட்டும்தான். சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் பழசாக வாங்கியது. லோரி பேட்டரியில் ஓடும். பேட்டரி இறங்கிவிட்டால் புக்கிட் ரோத்தான் கடையில் கொடுத்து ஏற்றிக்கொண்டு வருவார்.

அதில் டோன் குமிழ் ஒன்று இருந்தது. இடப்பக்கம் திருப்பினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். வலப்பக்கம் திருப்பினால் கீச்சென்று காதைக் கிழிக்கும். நடுவில் சரியான இடம் ஒன்று இருக்கிறதென்று இவர் தேடிக்கொண்டே இருந்தார். எங்கள் வீடோ சிமெண்டுத் தரை, பலகைச் சுவர், தகரக் கூரை. எப்படித் திருப்பினாலும் அலறியது. "குத்தம் பொட்டில இல்ல, வூட்டுலதான்" என்று ஒரு நாள் கண்டுபிடித்தார். அன்றோடு வீடு என் கையை விட்டுப் போயிற்று. பாயைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். கல்யாணத்துக்கு வந்த கம்பளியைக் கூரைக்கு அடியில் கட்டினார். பாத்திரங்கள் அதிர்கின்றன என்று எல்லாவற்றையும் குசினிக்கு விரட்டினார். மழை வந்தால் குமிழுக்கு ஒரு திருப்பு, நாலு பேர் வந்து உட்கார்ந்தால் இன்னொரு திருப்பு. வந்தவர் யாராவது எழுந்தால், "உக்காருங்க, நீங்க போனா சத்தம் மாறிடும்" என்பார்.

அப்புறம்தான் உமிச் சாக்கு. லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள பலகை கூரை வரை போகாது. பக்கத்து வீட்டு இருமலும் எங்கள் சண்டையும் மேலே உள்ள இடைவெளி வழியாகப் போய் வரும். பாட்டும் அப்படியே போனது. பக்கத்து வீட்டு அண்ணன் படுத்தபடியே கேட்டுப் பலகையில் தாளம் போடுவார். அந்தத் தாளம் தன் பாட்டைக் கெடுக்கிறதென்று, இவர் செகிஞ்சான் அரிசி ஆலையிலிருந்து உமி கொண்டுவந்து, சாக்கில் திணித்து, இடைவெளியை அடைத்துவிட்டார். வாசல் காவல்காரர்கள் சாக்கைக் குத்திக் குத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

மறுநாள் அண்ணன் வந்து, "என்னா தம்பி, நமக்குப் பாட்டு வரலியேலா" என்றார்.

"வூட்டுக்குள்ள வந்து கேளுங்கண்ணே. இப்பத்தான் நல்லா இருக்கு."

உண்மையாகவே நன்றாக இருந்தது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டாளம் வந்தது. விசில் ஊதி, எங்கள் லயத்துக்கு எதிரே, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு எல்லாரையும் விரட்டினார்கள். அவசரத்தில் இவர் ரேடியோவை அணைக்கவில்லை. வீடு வீடாகச் சோதனை நடந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்குள் போன வெள்ளைக்கார அதிகாரி தலையை வெளியே நீட்டி, ரேடியோ யாருடையது என்று மலாய் மொழியில் கேட்டு, இவரைக் கூப்பிட்டார். இவர் உள்ளே போனதும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நாங்கள் நனைந்தபடி நின்றோம். உள்ளே தமிழ்ப் பாட்டு நின்று வெள்ளைக்காரர்களின் வாத்தியம் ஆரம்பித்தது. சத்தம் கனத்தது, கீச்சிட்டது, மறுபடி கனத்தது. துரைக்கு டோன் குமிழைத் திருப்பிக் காட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகள் குளிரில் அழுதன. பெண்கள் சாத்திய கதவைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கடைசியில் கதவு திறந்தது. துரை கொடுத்த சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய இவர் வந்தார்.

"தொர என்னா சொன்னாரு தெரியுமா? அவுங்க கிளப்புலகூட இப்படிக் கேக்காதாம்."

அத்தனை பேர் உடம்பிலிருந்தும் தண்ணீர் சொட்டுவது இவர் கண்ணில் படவே இல்லை.

அந்த வாரமே பக்கத்து வீட்டு அண்ணனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மரம் வெட்டப் போகும்போது காட்டுக்காரர்களுக்குச் சோறு கொண்டுபோனாராம். காட்டிக்கொடுத்தது யாரென்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு துரையோடு இருந்தவர் ஒருவர்தானே. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். பாட்டுக் கேட்க ஒரு ஈ காக்கை வரவில்லை. காட்டிக்கொடுத்தவனைக் காட்டுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். இவரோ தினமும் மரங்களுக்கு நடுவே தனியாக லோரி ஓட்டுகிறவர்.

"பாட்டப் பத்தித்தான் பேசினோம், சத்தியமா" என்றார் என்னிடம். நம்புகிறேன் என்று சொன்னேன்.

ஒரு சாயங்காலம் அண்ணனின் மனைவி வந்தார். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"தம்பி, ஒங்க வாயால கேட்டுட்டுப் போறேன். அன்னிக்கு தொரகிட்ட எங்க வூட்டப் பத்தி எதாச்சும் சொன்னீங்களா?"

இவர் முகம் பளிச்சென்று ஆனது. பதில் கையிலேயே இருப்பதாக நினைத்துவிட்டார்.

"சொல்லியிருந்தா களத்துல நின்ன ஒங்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்லா அக்கா. நீங்க அங்கயே போயி நில்லுங்க. அதே மாதிரி கதவச் சாத்தி, அதே சத்தத்துல வைக்கிறேன். அன்னிக்குப் பேசின மாதிரியே பேசறேன். எல்லாரையும் கூப்பிடுங்க."

நாலைந்து வீட்டிலிருந்து பெண்கள் வந்தார்கள். களத்தில் வரிசையாக நின்றோம். கதவு மூடியது. ரேடியோ பாடியது. அன்றைக்குப் போல் மழைகூட இல்லை. பாயும் கம்பளியும் உமிச் சாக்கும் சேர்ந்து பாட்டை மட்டும் மெத்தென்று வெளியே விட்டன. இவர் பேச்சு ஒன்றுகூட வரவில்லை. அக்கா இரண்டு எட்டு முன்னால் போய் நின்று பார்த்தார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் வந்தது.

கதவைத் திறந்துகொண்டு வியர்வையோடு வந்தார். "கேட்டுச்சாக்கா?"

"ஒரு வார்த்த கேக்கல, தம்பி" என்றார் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். மற்றவர்களும் கலைந்தார்கள்.

அன்றைக்கு என்ன பேசியிருந்தாலும் வெளியே கேட்டிருக்காது என்பது இவருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வரிசை கலைந்த பிறகும் நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன்.

"உள்ளருந்து ஒன்னத்தான் கூப்பிட்டேன் புள்ள, பக்கத்துல வந்து உக்காருன்னு. கத்தித்தான் கூப்பிட்டேன். நீ ஏன் அவுங்களோட போயி நின்ன?"

அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றதைப் போலவே, அண்ணன் பெயர் வருகிறதா என்று நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.