முதல் வரியில் பிள்ளையார்

எண்பதுகளின் பிற்பாதியில் நான் வேலை பார்த்த அலுவலகம் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவில், மசாலாக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இந்தியாவிலிருந்து எவர்சில்வர் பாத்திரங்களை இறக்குமதி செய்து, இங்கேயும் மலேசியாவிலும் உள்ள கடைகளுக்கு அனுப்புகிற நிறுவனம். மொத்தம் நான்கு பேர். முதலாளி, கணக்காளர், தொலைபேசியைக் கவனித்துக்கொண்டு கடிதங்களைத் தட்டச்சு செய்த ஓர் அண்ணன், மற்றவர்கள் தட்டிக்கழித்த வேலைகளையெல்லாம் செய்ய நான். கீழே மிளகாய் அரைத்தால் மேலே நாங்கள் நால்வரும் தும்முவோம்.

அண்ணனுக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் பார்வையைக் கொண்டுபோய்விட்டது. அவருடைய அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். குடும்பம் இன்னும் அந்தப் பக்கமே இருந்தது. அங்கிருந்து தனியாகப் பேருந்து ஏறி, புக்கிட் மேராவிலிருந்து வரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருப்பார். சட்டை கசங்கியிருந்து நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு நல்ல பேனா. எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "கையெழுத்துப் போடணும்ல தங்கச்சி. யாராவது எங்கிட்ட ஆட்டோகிராப் கேட்டா?" என்றார்.

என்னைவிட வேகமாகத் தட்டச்சு செய்வார். ஆனால் தான் அடித்ததைத் தானே படிக்க முடியாது. ஒருநாள் இயந்திரத்தில் ரிப்பன் நழுவியிருந்தது தெரியாமல் காலை முழுக்க வெற்றுத்தாளில் அடித்துத் தள்ளிவிட்டார். கணக்காளர் எல்லாவற்றையும் உறையில் போட எடுத்தபோதுதான் தெரிந்தது. யாரும் திட்டவில்லை. அவர்தான் அன்று மதியம் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கடிதத்தையும் நான் படித்துக்காட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. நான் படிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்பார். முப்பது வயதைத் தாண்டிய மனிதர் என் முன்னால் கைகட்டி உட்காருவது எனக்குப் பிடிக்கவே இல்லை.

அப்போதுதான் கணினி வந்தது. ஜாலான் புசார் பக்கம் கடை வைத்திருந்த ஒரு சீனர் கொண்டுவந்து வைத்தார். புதுக் கார் வாங்கினால் என்ன செய்வோமோ அத்தனையும் நடந்தது. திரையில் சந்தனம், குங்குமம். மேசைக் காலருகே எலுமிச்சம்பழம். சூடத்தை மட்டும் சற்றுத் தள்ளிக் காட்டும்படி கடைக்காரர் கெஞ்சினார். எல்லாம் முடிந்து முதலாளி அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். விசையைப் போட்டதும் முதலில் என்ன வரும்?

கடைக்காரர் பொறுமையாக விளக்கினார். இதற்குள் ஒரு கோப்பு இருக்கிறது, அதில் எதை எழுதி வைக்கிறோமோ அதெல்லாம் அதே வரிசையில் தானாகவே ஓடும் என்றார். எங்கள் அலுவலகத்தில் போய் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கோயிலில் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று சண்டை போடுகிற கூட்டம் நாங்கள்.

முதல் வரி பிள்ளையாருக்கு. அந்தச் சீனரே முதலாளியின் சுவர் நாட்காட்டியில் இருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, நட்சத்திரக் குறிகளை அடுக்கி ஒரு பிள்ளையாரைத் திரையில் வரைந்துகொடுத்தார். பச்சை வெளிச்சத்தில் பிள்ளையார் நன்றாகத்தான் இருந்தார். தும்பிக்கை வலப்பக்கம் வளைந்துவிட்டது. வலம்புரி, விசேஷம் என்று முதலாளிக்கு ஒரே பூரிப்பு. தரிசனம் முடிந்து ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தும்வரை அவர் திரையில் அப்படியே இருப்பார். அடுத்த வரி கணக்காளருடையது: திரை மூலையில் ஓடும் கடிகாரம். அதற்கடுத்ததும் அவருடையதே, கூப்பிட்டால் திரையில் குதிக்கும் ஒரு கால்குலேட்டர். இரண்டையும் நண்பரிடமிருந்து வட்டில் நகலெடுத்து வந்திருந்தார்.

சில மாதங்கள் கழித்து, பார்வையற்றவர்களுக்கு உதவும் ஒரு சங்கத்திலிருந்து அண்ணனுக்கு ஒரு பெட்டி வந்தது. கணினியின் பின்னால் அதைச் செருகி, அதற்குரிய நிரலை ஓடவிட்டால் திரையில் வரும் எழுத்தையெல்லாம் ஆங்கிலத்தில் படித்துக்காட்டும். சளி பிடித்த குரல்தான். ஆனாலும் முதல்நாள் தான் அடித்த கடிதத்தைத் தன் காதால் கேட்டபோது அண்ணன் அந்த ஒரே கடிதத்தை நான்கைந்து முறை படிக்கவைத்தார். ஆங்கிலத்தில் 'மே' மாதத்தை 'நே' என்று அடித்திருந்ததைத் தானே கண்டுபிடித்துத் தானே திருத்தினார். அன்று அவர் முகம் இருந்த விதத்தைப் பார்த்து நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

பெட்டி இரவல்தான். மூன்று மாதம் கழித்துச் சங்கத்து அம்மையார் வந்து பார்ப்பார். யார் துணையும் இல்லாமல் அண்ணனே கணினியைத் தொடங்கி, கடிதம் அடித்து, அச்செடுக்க வேண்டும். முடியாவிட்டால் பெட்டி காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அதோடு போகாது. கடிதமெல்லாம் கணினிக்கு வந்துவிட்ட பிறகு தொலைபேசிக்கு மட்டும் ஓர் ஆள் வைத்திருக்க முடியாது என்று முதலாளி அண்ணனிடம் சொல்லியிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பெட்டி போனால் அண்ணனுக்கு வேலையும் போய்விடும்.

பேசும் நிரலைக் கோப்பின் கடைசி வரியில் சேர்த்தோம். தொந்தரவு அங்கேதான் தொடங்கியது. கணக்காளர் தன் சரக்குக் கணக்கைத் திறந்தால் நினைவகம் போதவில்லை என்று கணினி மறுத்தது. கடைசியாக வந்தது எதுவோ அதுதானே குற்றவாளி. அவர் யாரையும் கேட்காமலே பேசும் நிரலின் வரியை எடுத்துவிட்டார். "வேணும்கிறப்ப அவரே பேர டைப் பண்ணிக்கலாம்லா, நாலு எழுத்துதானே" என்று என்னிடம் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது நாலு எழுத்து, அவ்வளவுதான். கணினி எழுந்துவிட்டதா, எதையாவது கேட்டுக்கொண்டு நிற்கிறதா, தப்பு என்று திட்டுகிறதா என்று எதுவும் தெரியாதவர் அந்த நாலு எழுத்தை எப்போது அடிப்பார்?

ஆகவே தினமும் நான் சீக்கிரம் வந்து எல்லாவற்றையும் ஓடவிட்டு, பெட்டி பேசத் தொடங்கியதும் அண்ணனுக்கு இடம் விடுவேன். ஒருநாள் நல்ல மழை. பேருந்து நகரவில்லை. நனைந்துகொண்டு மாடியேறினால் அண்ணன் கணினியின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். விசையைப் போட்டிருக்கிறார். திரையில் பிள்ளையார், யாராவது ஒரு பொத்தானை அழுத்துவார்களா என்று பச்சையாகக் காத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருமே ஒருவருக்காக ஒருவர் வெகுநேரமாகக் காத்திருந்திருக்கிறார்கள்.

"கெட்டுப்போச்சு போலம்மா," என்றார் அண்ணன். "நான் எதையும் தொடல. ஸ்விட்ச் மட்டும்தான் போட்டேன்." கைகள் மடியில் இருந்தன. பழி வந்துவிடுமோ என்று பயந்துபோயிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சமூக நிலையத்தில் மாலை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் கணினி படித்திருந்தேன். அந்தக் கோப்பைத் திறக்கும் தைரியம் எங்களில் எனக்கு மட்டும்தான் இருந்தது. கடிகாரத்தையும் கால்குலேட்டரையும் எடுத்துவிட்டால் பேசும் நிரலும் சரக்குக் கணக்கும் ஒன்றாக ஓடும் என்று அன்று மதியமே சோதித்துப் பார்த்துவிட்டேன். கணக்காளரிடம் சொன்னேன்.

"கிளாக்க எடுத்துட்டா நான் டைம் எப்படிப் பாக்கிறது?" என்றார். அவர் கையில் கடிகாரம். தலைக்கு மேலே சுவரில் இன்னொன்று. நான் இரண்டையும் பார்த்தேன். அவரும் பார்த்தார். "சரி, எடு. கால்குலேட்டர மட்டும் விட்டுவை," என்றார். மேசைமேல் கிடந்த கால்குலேட்டரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நல்ல புள்ளம்மா நீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் விட்டுக்கொடுத்துவிட்டார்.

மிச்சம் இருந்தவர் பிள்ளையார். யாராவது பொத்தானை அழுத்தும்வரை அடுத்த வரிக்கு அவர் வழிவிட மாட்டார். நான் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுக் குழுவில் பாடுகிற கத்தோலிக்கப் பெண். பிள்ளையாரை எடுக்கச் சொல்ல எங்கள் அலுவலகத்தில் என்னைத் தவிர வேறு யார் வேண்டுமானாலும் போயிருக்கலாம். வேறு யாரும் இல்லாததால் நானே முதலாளியிடம் போனேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "ஏம்மா, அவரை வச்சுத்தான் எல்லாம் ஆரம்பிச்சோம். இத்தன நாளா ஒரு கொற வைக்கல. இப்ப போய் எடுன்னா எனக்கு மனசு கேக்கல," என்றார். அவர் நிஜமாகவே பயந்தார். எனக்கும் பாவமாகிவிட்டது. எடுக்கவேண்டாம், வரிசையை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, பேசும் நிரலை முதலிலும் பிள்ளையாரை அடுத்தும் வைத்தேன்.

மறுநாள் காலை அண்ணன் விசையைப் போட்டார். பெட்டி பேசத் தொடங்கியது. திரையில் பிள்ளையார் வர வர, அவரை அது படிக்க ஆரம்பித்துவிட்டது. ஸ்டார், ஸ்டார், ஸ்டார், ஸ்டார். கிரீடத்திலிருந்து காதுவரை வருவதற்குள் கணக்காளர் கோப்பி வாங்கப் போய்த் திரும்பிவிட்டார். தொந்தியை அது எட்டியபோது அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். "தங்கச்சி, இது என்ன, லட்சார்ச்சனையா?" முதலாளி தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பதா, கன்னத்தில் போட்டுக்கொள்வதா என்று தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் அண்ணனே பேசினார். "பிள்ளையார எடுக்கவேணாம் மொதலாளி. எனக்கும் அவர்தான் முதல்ல வேணும். ஆனா கோயிலுக்குப் போனா நான் அவர எப்படிப் பாக்கிறேன்? மணி அடிக்கும். அப்ப திரை தொறந்தாச்சுன்னு கும்புட்டுக்குவேன். இங்க அவர் வந்து நிக்கிறாரு, எனக்கு யாரும் மணி அடிக்க மாட்டேங்கிறாங்க."

கணினியின் வயிற்றுக்குள் ஒரு சின்ன ஒலிபெருக்கி உண்டு. கோப்பில் ஒரு குறியை எழுதினால் அது ஒருமுறை ஒலிக்கும். நினைவகத்தில் இடமே பிடிக்காது. வகுப்பில் அந்தக் குறிக்கு மணி என்றுதான் பெயர் சொல்லியிருந்தார்கள். முதலாளியைப் பார்த்தேன். அவர் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு தடவ அடிக்கட்டும்," என்றார். முதல் வரியில் பிள்ளையாருக்கு, படத்துக்குப் பதிலாக, மூன்று மணி; இரண்டாவது வரியில் பேசும் நிரல். அத்தோடு கோப்பை முடித்தேன். அந்த வாரம் முழுக்க நான் வேண்டுமென்றே மெதுவாக வந்தேன்.

சங்கத்து அம்மையார் வந்த நாளில் எல்லாரும் வெள்ளிக்கிழமைக்கு உடுத்துவதுபோல் உடுத்தியிருந்தோம். அவர் வந்ததும் எங்கள் மூவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார். பக்கத்தில் ஆள் இருந்தால் உதட்டை அசைத்தாவது உதவுவோமாம். கண் தெரியாதவருக்கு உதட்டை அசைத்து என்ன ஆகப்போகிறது என்று கணக்காளர் முணுமுணுத்தார். கதவு சாத்தப்பட்டது. படிக்கட்டின் மேல்படியில் மூவரும் நின்றோம். கீழே மசாலா அரைக்கும் சத்தம். தும்மலை அடக்கிக்கொண்டு கதவில் காதை வைத்தோம்.

விசை போட்ட சத்தம் கேட்டது. பிறகு விசிறி சுற்றும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ள எடுக்கும் நேரம்தான் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் காதைக் கதவோடு இன்னும் அழுத்திக்கொண்டேன். உள்ளே என்ன ஆகிறது, அண்ணன் கை எங்கே இருக்கிறது, திரையில் என்ன நிற்கிறது, எதுவும் தெரியவில்லை. மழை பெய்த அன்று காலையில் அவர் இருந்த நிலை இதுதான் என்று அந்தப் படியில்தான் எனக்கு உறைத்தது.

மணி அடித்தது. மூன்று முறை. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். பிறகு சளிக் குரல் பேசத் தொடங்கியது. விசைப்பலகையின் ஓசை வந்தது. நின்றது, குரல் படித்தது, மறுபடி ஓசை. கடைசியில் அச்சு இயந்திரம் கரகரவென்று தாளை இழுத்தது.

அம்மையார் கதவைத் திறந்து, தாளைக் கையில் பிடித்தபடி, "இங்கயே இருக்கட்டும். பெட்டிய நான் எடுத்துட்டுப் போகல," என்றார். அவர் படியிறங்க நாங்கள் வழிவிட்டு நின்றோம். கணக்காளர் சுவரைப் பார்த்துக்கொண்டு மூக்கைச் சிந்தினார். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டார்.

அதற்குள் உள்ளே தொலைபேசி ஒலித்தது. அண்ணன் எடுத்தார். ஜொகூரில் இருக்கிற ஒரு கடைக்காரர், ஏதோ அவசரக் கடிதம் வேண்டுமாம். அப்படிக் கேட்டால் அண்ணன் எப்போதும், கொஞ்சம் இருங்கள், ஆளைக் கூப்பிடுகிறேன் என்பார். நான் ஓடுவேன். பழக்கத்தில் இப்போதும் ஓரடி எடுத்து வைத்துவிட்டேன். முதலாளி கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"யாரையும் கூப்பிட வேணாம்ங்க," என்று உள்ளே அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். "நீங்க சொல்லுங்க. நானே அடிச்சு, நானே படிச்சுப் பாத்து அனுப்புறேன்."