மாமா பிடித்துக் கொடுத்த ஆள்

யாராவது அழைப்புமணியை அடித்தால் மாமா உடனே திறக்க மாட்டார். கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு இரண்டாவது மணிக்குக் காத்திருப்பார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அக்கா வீட்டோடு வந்துவிட்ட நாளிலிருந்து இதைப் பார்க்கிறேன். வருகிறவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். லிஃப்ட் நின்றாலும், மாடித் தொட்டி வழிந்தாலும், வாசலில் யாராவது வண்டியைக் குறுக்கே விட்டாலும் மாமாதான். சம்பளம் கிடையாது. "சார் இல்லேன்னா இந்தக் கட்டடமே இல்ல" என்று ஒரு வார்த்தை போதும், அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

போன வருடம் கண் ஆபரேஷனுக்காக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மோட்டார் போட ஆளில்லாமல் எல்லா வீடும் தண்ணீருக்குத் தவித்தது. அதன்பின் நடந்த கூட்டத்தில், குடியிருப்பைப் பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஒரு ஏஜென்ட் வைப்பதென்று முடிவானது.

"உங்களுக்கும் ஓய்வு வேணும் சார்" என்றார்கள். மாமா அங்கே சிரித்தார். வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினார்.

அந்த வேலைக்கு இரண்டு பேர் வந்து பேசினார்கள். முதல் ஆள் இளைஞர். மடிப்புக் கலையாத சட்டை, நல்ல சிரிப்பு. இரண்டாவது ஆள் நடுவயதுக்காரர். பேசியதைவிட இருமியதுதான் அதிகம். மாமா வீடு வீடாக ஏறி இறங்கி இருமல்காரருக்கு ஆதரவு சேர்த்தார்.

"முதல்ல வந்த பையன் நல்லாத்தானே பேசினான்?" என்று அக்கா கேட்டாள்.

"பேசியே எல்லாரையும் கைக்குள்ள போட்டுக்குவான். இந்த ஆள் வாயில்லாப் பூச்சி. இவர் வந்தாலும் எல்லாரும் என்கிட்டதான் வருவாங்க."

"என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பக்கூட இப்படி அலையலையே நீங்க!"

"அப்ப போட்டிக்கு ஆளில்லையே."

நான் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்து அரிசியில் கல் பொறுக்கினேன்.

மாமா நினைத்தபடி இருமல்காரரே வந்தார். ஆனால் தண்ணீரை நிறுத்த வேண்டுமென்றால் அவர் முதலில் ஒவ்வொரு மாடியாக ஏறி, "ஒரு வாளி பிடிச்சு வெச்சுக்கங்கம்மா" என்று கதவுக்குக் கதவு சொல்லிவிட்டு வருவார். யார் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். கொஞ்ச நாளில், படிக்கட்டில் அவர் இருமினாலே ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வெந்நீர் வந்தது. அந்த இருமல் கேட்டால் மாமா தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டுவார்.

ஒருநாள் மூன்றாம் மாடி டீச்சர் எங்கள் வாசலில் நின்று, "தங்கமான ஆளாப் பிடிச்சுக் குடுத்தீங்க சார். இத்தனை வருஷம் எப்படித்தான் ஓட்டினோமோ!" என்றார்.

மாமாவின் முகம் கறுத்ததை நான் பார்த்தேன். தானே பிடித்துக் கொடுத்த ஆளை எந்த வாயால் குறை சொல்வது?

"நான் பார்த்த ஆளாச்சே" என்று மட்டும் சொன்னார்.

இந்த வருடமும் அவரே தொடரட்டும் என்று கூட்டத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். மாமாவும் தூக்கினார்.

இப்போது எங்கள் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. ஏஜென்டைக் கூப்பிடக் கூடாது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று மாமா சொல்லியிருக்கிறார். இன்னும் ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது.