மலைமேல் கேட்ட வரம்

இன்று காலை டிவியில், ஒரு விண்கல் பூமிக்குப் பக்கமாய்ப் போகிறதாம், பயமில்லை என்றார்கள். உடனே மகளுக்குப் போன் போட்டேன்; எடுக்கவில்லை.

சின்ன வயதில், திருப்பதி மலையடிவாரத்துத் திருச்சானூரில் இப்படித்தான், வானத்துக் கல் விழப்போகிறதென்று ஊரே பேசியது. சாமி இருக்கிற மலையில் விழாதென்று நைனா என்னைக் கிளப்பினார். அம்மாவுக்கோ பிள்ளை பெற்ற தீட்டு, மலையேறக் கூடாது. தம்பியோடு தங்கிவிட்டாள்.

"உன்மேல விழுந்துட்டா?" என்று அழுதேன்.

"போடி பைத்தியம்! அலமேலு தாயாரே கீழதான் குந்திக்கினு இருக்கா, எனக்கு இன்னா ஆவும்?" என்று சிரித்தாள்.

சன்னிதியில் நைனா, "நல்லா வேண்டிக்கோ" என்றார். வேண்டிக்கொண்டேன்: "சாமி, கல்லை இங்கேயே போட்டுடு."

என் மகள் தூரத்தில், ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை செய்கிறாள். இன்று அவள் போனை எடுக்கும்வரை, என் வீட்டுப் பூஜை அறையில் அதையேதான் வேண்டிக்கொண்டிருந்தேன்.