பாசிமேல் சிவப்புக் காளான்

திருமணத்துக்குப் பேசவந்த அன்றே அவர் சொல்லிவிட்டார். சிவப்பும் பச்சையும் தனக்குச் சரியாகப் பிரிந்து தெரியாது, அதனால்தான் கப்பல் வேலை கிடைக்கவில்லை, இப்போது ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறேன் என்று. நான் பள்ளியில் உயிரியல் சொல்லித்தருகிறவள். நிறக்குருடு எப்படி வருகிறது என்று வருடாவருடம் கரும்பலகையில் படம் போட்டு விளக்குவேன். அதனால் அவர் சொன்னது எனக்குப் புதிதாகவோ பெரிதாகவோ படவில்லை. கல்யாணம் ஆன பிறகு தக்காளி வாங்குவது என் வேலை ஆயிற்று, அவ்வளவுதான்.

சின்னஞ்சிறியவற்றைக் கிட்டத்தில் படமெடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்கியபின் விடுமுறை நாட்களில் பெரார்கஞ்சில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவர்களுடைய பாக்குத் தோட்டத்தில் மழைக்காலத்தில் எதை எடுப்பது எதை விடுவது என்று தெரியாது. ஒருமுறை விழுந்து உளுத்துப்போன மரத்தின் மேல் பச்சைப் பாசி. அதற்குள் கிண்ணம்போல் சின்னச் சின்னக் காளான்கள், நல்ல சிவப்பில். ஈரத்தில் குப்புறப் படுத்து எடுத்தேன். என் முழங்கையில் ஏறிய அட்டையை அக்கா உப்புப் போட்டு எடுத்தாள்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பத்துபஸ்தியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் லேப்டாப்பில் போட்டு அவரிடம் காட்டினேன்.

“நல்லா இருக்கு” என்றார். “பாசிதானே?”

“பாசி மேல என்ன இருக்கு?”

அவர் குனிந்து பார்த்தார். “தண்ணிச் சொட்டா?”

அவர் குளிக்கப் போய்விட்டார். எனக்கு அந்தப் படத்தில் பச்சை அதிகமாகத் தெரிந்தது. இங்கே எதை எடுத்தாலும் அப்படித்தான் ஆகிறது. கருப்பு வெள்ளையாக மாற்றினால் எப்படி இருக்கும் பார்க்கலாம் என்று பொத்தானை அழுத்தினேன். காளான்கள் காணாமல் போயின. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகிப் படம் முழுக்கப் பாசியாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் தண்ணீர்ச் சொட்டுபோல ஏதோ மினுங்கியது.

கரும்பலகையில் நான் போட்ட படங்கள் எதுவும் இதைச் சொன்னதில்லை.

அந்த மென்பொருளில், கருப்பு வெள்ளையாக மாற்றும்போது ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக வெளுக்கவோ கறுக்கவோ வைக்க முடியும். சிவப்புக்கான ஸ்லைடரை வலப்பக்கம் தள்ளினேன். பாசிக்குள்ளிருந்து கிண்ணங்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக மேலே வந்தன. பச்சையைக் குறைத்ததும் பாசி கறுத்துப் பின்னால் போயிற்று.

தலை துவட்டிக்கொண்டே வந்தவரைக் கூப்பிட்டேன். விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்ததால் இரண்டு முறை கத்த வேண்டியிருந்தது.

“அரே, கிண்ணம் கிண்ணமா இருக்கே! இது வேற போட்டோவா?”

“இல்லங்க. அதே போட்டோதான்.”

“அப்பவே இருந்துச்சா இதெல்லாம்?”

“இருந்துச்சு. சிவப்புக் காளான்.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு, கப்பல் வேலைக்கான மெடிக்கலில் நடந்ததை முதல்முறையாக விவரமாகச் சொன்னார். “புக்ல புள்ளி புள்ளியா வட்டம் இருக்கும். அதுக்குள்ள நம்பர் இருக்காம். எனக்கு முன்னாடி நின்னவன் கடகடன்னு படிச்சிட்டான். நான் ஒண்ணுமே இல்லையே சார்னேன். டாக்டர் இன்னொரு பக்கம் திருப்பினார். அதுலயும் ஒண்ணுமில்ல. ‘பஸ் பேட்டா, ஹோ கயா’, போதும், முடிஞ்சுதுன்னார். நான் பாஸாயிட்டேன்னு நெனச்சு தேங்க் யூ சொல்லிட்டு வந்தேன்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த முறை அவரும் பெரார்கஞ்சுக்கு வந்தார். மிளகுக்கொடி பக்கம் நடந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“அசையாத. ஓணான்.”

“எங்க?”

“மூஞ்சிக்கு நேரா. பெரிய இலைக்குக் கீழ.”

எனக்கு இலைகள்தான் தெரிந்தன. அது கண்ணைச் சிமிட்டியபிறகே பச்சை இலைக்கு நடுவே பச்சை ஓணான் உருவம் கொண்டது. நிறத்தை நம்பாத கண் வடிவத்தைத் தேடுகிறது போலும். பின்னால் வந்த அக்காவுக்கு அப்போதும் தெரியவில்லை. “இவருக்கா கலர் தெரியாது?” என்றாள் என்னிடம், ரகசியமாகச் சொல்வதுபோல ஆனால் அவருக்குக் கேட்கும்படி.

எடுத்துவந்த ஓணான் படம் கருப்பு வெள்ளையில் என்னிடம் படியவில்லை. பச்சையைக் கூட்டினால் ஓணான், இலை இரண்டும் வெளுத்தன, குறைத்தால் இரண்டும் கறுத்தன. “ஹட்டோ, தள்ளு, நான் பாக்குறேன்” என்று அவர் மவுஸை வாங்கினார். எந்த ஸ்லைடர் எந்த நிறம் என்று படிக்கவே இல்லை. ஒவ்வொன்றையும் இழுத்து, படத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் பார்த்தார். மஞ்சளைத் தொட்டபோது ஓணான் மட்டும் லேசாக வெளுத்தது. அதன் பச்சையில் மஞ்சள் கூடுதல் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மஞ்சளை நன்றாகத் தள்ளிவிட்டு இலைகளைக் கிட்டத்தட்ட கறுப்பாக்கினார். நான் அவ்வளவு தூரம் போயிருக்கமாட்டேன்.

“ரொம்பக் கறுப்பா இல்ல?”

“இலைய எதுக்குப் பாக்கணும்? செதிலப் பாரு.”

செதில்கள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தன. அப்படியே விட்டேன்.

இப்போது அவர் கண்டுபிடிப்பார், நான் எடுப்பேன். மாற்றுவதில்தான் சண்டை. அவருக்கு அழுத்தமான கறுப்பு வேண்டும், எனக்கு நடுவில் உள்ள சாம்பல்கள் வேண்டும். போன மழைக்கு எங்கள் பள்ளிக் கண்காட்சியில் ஆறு படங்கள் வைத்தோம். பெற்றோர் ஒருவர், இவ்வளவு பச்சையான ஊரில் ஏன் கலர் இல்லாமல் என்று கேட்டார்.

“கலர் வேணும்னா வெளிய நிறைய இருக்கு பாய்சாப்” என்றார் இவர்.

கேட்டவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.