அம்மா எட்டிப் பிடிக்கப் பார்த்த பத்து வருடம்

எங்கள் அம்மா இல்லாமல் ஒரு வருடத்தைக் கழித்துவிட்டோம். இன்று மாதனூர் வீட்டுக்கு வந்து, படத்துக்குப் பூ வைத்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிய உங்கள் எல்லோருக்கும் அம்மாவைத் தெரியும். ஆனால் கடைசி சில வருடங்களில் அவர் எதற்குப் பயந்தார் என்பது எங்களுக்கும், அவரோடு கம்பெனி பஸ்ஸில் போனவர்களுக்கும் மட்டுமே தெரியும். அதை எழுதச் சொன்னவர் அப்பா. இந்தக் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்கும் போன முதல் ஆள் நான். அதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டே தொடங்குகிறேன். அந்தப் பெருமை அம்மா வாங்கித் தந்தது.

அம்மா பள்ளிகொண்டா பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு நிறுத்திக் களை எடுக்க அனுப்பினார்கள். கூலி வேலை செய்யும் அப்பாவைக் கட்டிக்கொண்டு மாதனூர் வந்தபின், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்தார். யாருக்கும் பயப்படாதவர். ஒரு பெண்ணை பாத்ரூம் போக விடவில்லை என்று சூப்பர்வைசரிடம் நேராகப் போய்ச் சண்டை போட்டவர்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பெரிய செலவு வந்தால், கம்பெனி வேலையை விட்டு நின்றுவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் வீட்டில் இருந்து, பி.எஃப். பணத்தையும் அதோடு சேர்ந்த பென்ஷன் பணத்தையும் மொத்தமாக எடுப்பார்கள். பிறகு வேறு கம்பெனியில் புதிதாகச் சேர்வார்கள். இதற்கு 'செட்டில்மென்ட் எடுப்பது' என்று பெயர். அம்மாவும் எடுத்தார். ஒரு முறை வீட்டுக்குத் தளம் போட, இன்னொரு முறை நான் கல்லூரியில் சேர.

ஆம்பூரில் பஸ் திரும்பும் இடத்தில் ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது. அம்மாவோடு வேலை செய்து வயதாகி நின்ற ஒரு அம்மாள், காலையில் அதன் பின்புறம் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். "நம்ம லைன்ல எல்லாருக்கும் வேல கத்துக்குடுத்தவங்கடி அவங்க" என்று ஒரு நாள் அம்மா சொன்னார். அதற்குப் பிறகு பஸ்ஸில் அந்தப் பக்க ஜன்னலில் அவர் உட்காரவே இல்லை.

ரிட்டையர் ஆக நான்கைந்து வருடம் இருந்தபோது, தனக்கு என்ன பென்ஷன் வரும் என்று என்னைப் பார்க்கச் சொன்னார். என் போனில் பார்த்தேன்.

"பத்து வருஷம் முழுசா இருந்தாதான்மா மாசாமாசம் பென்ஷன். உனக்கு இன்னும் பத்து ஆவல."

"இன்னாடி சொல்ற? கல்யாணம் ஆனதுலர்ந்து தைக்கிறேன்."

"நடுவுல எடுத்துட்டோம்ல. எடுத்தா பழைய வருஷம்லாம் போய்டும். உன் கணக்கு நான் காலேஜ் சேந்த அப்புறம்தான் ஆரம்பிக்குது."

அம்மா என் போனை வாங்கி அவரே ஒரு முறை பார்த்தார். பிறகு சிரித்தார். "அப்ப என் பென்ஷன் நீதான்டி. மாசாமாசம் ஒழுங்கா வந்துடு."

சிரித்தாரே தவிர, அன்றிலிருந்து பயம் அவரை விடவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்குள் பத்து வருடம் முடிந்துவிடும். ஆனால் அதற்கு மேல் கையில் மிஞ்சுவது சில மாதங்கள்தான். சம்பளமில்லாத லீவு கூடினால் அந்தக் காலம் சேராது. கம்பெனிக்கு ஆர்டர் கம்மி என்று யாராவது சொன்னால் அன்று சோறு இறங்காது. பண்டிகைக்கு ஊருக்குப் போனாலும், கம்பெனி பஸ் வருவதற்கு முன் திரும்பிவிட வேண்டும் என்று முதல் நாளே கிளம்பிவிடுவார்.

அதே சமயம், ஓய்வுக்கு வேண்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தார். முட்டி மடங்காத காலம் வரும் என்று வீட்டுக்குள்ளேயே உட்காரும் கக்கூஸ் கட்டினார். இரண்டு ஆடு வாங்கி அப்பாவிடம் விட்டார். "பேரப்புள்ளைய என் தலைல கட்டிட்டு வேலைக்குப் போலாம்னு ரெண்டு பேரும் நெனைக்காதீங்க, நான் ரிட்டையர்டு" என்று எனக்கும் தம்பிக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

மூச்சு வாங்குவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு முறை டாக்டர் ஓய்வு எழுதித் தரப் போனபோது, "மாத்திர மட்டும் குடுங்க சார், லீவு வேணாம்" என்று கெஞ்சியதாக, கூடப்போன, அம்மாவோடு தைக்கும் செல்வி அக்கா பிறகுதான் சொன்னார். ஒரு காலையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்பூர் ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து வேலூருக்குக் கொண்டுபோனோம். கண் திறந்தபோது என்னிடம் கேட்டது, "இன்னைக்கு லீவு போட்டுட்டாங்களா?" அதற்கு மறுநாள் போய்விட்டார். பத்து வருடம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது.

காரியம் முடிந்த வாரம் கம்பெனி அலுவலர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வேலையில் இருக்கும்போதே இறந்தால் பத்து வருடம் தேவையில்லை, கணவருக்கு மாதாமாதம் பென்ஷன் வரும் என்றார். செல்வி அக்காதான் கேட்டார்: "உயிரோட இருந்தா பத்து வருஷம் காட்டணும், செத்தா உடனே குடுப்பாங்களா? நல்லா இருக்குது சார் உங்க சட்டம்."

அந்த அலுவலர் அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. அலைய விடாமல் எல்லா வேலையையும் முடித்துக் கொடுத்த அவருக்கு எங்கள் நன்றி. அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு ஆட்டோவில் போன செல்வி அக்காவுக்கும், வண்டி நிறைய மாலையோடு வந்த தையல் பிரிவுப் பெண்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாத தெருக்காரர்களுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. செட்டில்மென்ட் எடுக்க நினைக்கும் அக்காமார்களே, நிற்பதற்கு முன் ஒரு தடவை என்னிடம் வாருங்கள். உங்கள் வருடங்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. முதல் மாதப் பணம் வந்த அன்று அப்பா என்னிடம், "இது எதுவரைக்கும் வரும்?" என்று கேட்டார்.

"நீ இருக்கிற வரைக்கும்பா."

"நான் போய்ட்டா?"

"நின்னுடும்."

அப்பா எழுந்துபோய் ஆடுகளுக்குத் தழை போட்டார். "அவ்ளோ கஷ்டப்பட்டு சம்பாரிச்சா. என்னால அது நிக்கக் கூடாது" என்றார். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையே போடாத மனிதர். இப்போது லேசாகத் தலை சுற்றினாலும் நடுங்கிப்போய் என்னைக் கூப்பிடுகிறார். இன்று வந்திருக்கும் நீங்கள் அவரிடம் பென்ஷனைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று மட்டும் கேளுங்கள்.