ஒத்துப்பார்க்கிறவர்

கண்ணாடியைத் துடைத்தாகிவிட்டது. பேனாவில் மை இருக்கிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கியும் பார்த்தாகிவிட்டது. "இன்னைக்கு வெளிச்சம் பத்தாது" என்று படிவத்தை மறுபடியும் உறைக்குள் தள்ளுகிறார் ஒத்துப்பார்க்கிறவர். நேற்று வெளிச்சம் அதிகமாகிக் கண் கூசியது. அதற்கு முந்தின நாள் மேசை ஆடியது. நொண்டிச் சாக்குக்கு அவரிடம் பஞ்சமே கிடையாது.

ஓய்வு பெறும்வரை வேலை பார்த்த ஓய்வூதிய அலுவலகத்தில் வைத்த பெயர் அது. பழைய கையெழுத்தையும் புதிய கையெழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்ப்பதுதான் அவர் வேலை. ஒரு சுழி கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். எழுதத் தெரியாதவர்களிடம் மட்டும் மனுஷன் இளகிவிடுவார். "கையை லூசா விடுங்க, நான் பார்த்துக்கறேன்" என்று அவரே விரலைப் பிடித்து மையில் உருட்டுவார். ஆனால் முன்னாள் பஸ் டிரைவர் ஒருவர் கை நடுங்குகிறது என்று கெஞ்சியபோது, "உங்க கைதான் நடுங்குது, ரூல்ஸ் நடுங்காது" என்றார். அறையே சிரித்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அதே மனிதர்தான் இப்போது, தாம் உயிரோடு இருப்பதாக ஒரு கையெழுத்துப் போட முடியாமல் தவிக்கிறார். நாளைக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். வீடு ஓடுவதே அதில்தான்.

சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். பயம். வலது கைக் கட்டைவிரல் மழைக்காலத்திலிருந்து தானாக ஆடுகிறது. அவருடைய அண்ணனுக்கும் கட்டைவிரலில்தான் ஆரம்பித்தது; கடைசியில் யாராவது ஊட்டினால்தான் சாப்பாடு என்று ஆனது. டாக்டரிடம் போனால் அந்த நோயின் பெயரைச் சொல்லிவிடுவாரே என்று போகவில்லை. குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பழைய செய்தித்தாளில் கையெழுத்துப் போட்டுப் பார்க்கிறார். கோழி கிளறினதுபோல் வருகிறது. இவரே இதைத் திருப்பி அனுப்பிவிடுவார். தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துத் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்.

"ஊரார் பேப்பரையெல்லாம் விழுந்து விழுந்து பார்த்தீங்க, சொந்தப் பேப்பர்னா மட்டும் கசக்குதா?" என்று மனைவி கேலி செய்துகொண்டுதான் இருந்தாள். இன்று மாலை கேலி இல்லை. கடையிலிருந்து வாங்கிவந்த ஸ்டாம்ப் பேடை மேசைமேல் வைத்தாள். உறையிலிருந்து படிவத்தை எடுத்து, நீவி விரித்தாள்.

"கையெழுத்து வரலைன்னா இடது கை ரேகை போதும்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"எனக்கா கையெழுத்து வராது?" அவர் வலது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"மழைக்காலத்துலேர்ந்து உங்க டம்ளர்ல பாதிதான் டீ ஊத்தறேன். கவனிக்கலையா நீங்க?"

ஊரையே ஒத்துப்பார்த்தவர் அதைப் பார்த்திருக்கவில்லை. தலை குனிந்தது. அண்ணன் மாதிரி ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றார். ஆகாது என்று அவள் சொல்லவில்லை. நாளைக்குப் படிவத்தைக் கொடுத்துவிட்டு, அப்படியே டாக்டரையும் பார்த்துவிடலாம் என்றாள்.

பிறகு ஸ்டாம்ப் பேடைத் திறந்து, கையை நீட்டினாள். "லூசா விடுங்க. நான் பார்த்துக்கறேன்."

அவர் உடனே கொடுக்கவில்லை. இடது கையை விளக்குக்கு அடியில் தூக்கிப் பிடித்து, அந்தக் கட்டைவிரலும் ஆடுகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அப்புறம்தான், கண்ணை இறுக மூடிக்கொண்டு, அதை அவளிடம் நீட்டினார்.