நீக்க மறந்த கட்டுப்பாடு

ஹட்டனில் எங்கள் அலுவலகத்துக்கு இருப்பது ஒரே ஒரு பெரிய கணினி. எந்தப் புரோகிராம் ப்ராசசரின் கேச்சில், அதாவது அதனுள்ளேயே இருக்கும் சிறிய வேக நினைவகத்தில், எவ்வளவு எடுக்கலாம், முதன்மை நினைவகத்திலிருந்து என்ன வேகத்தில் தரவு வாங்கலாம் என்று கட்டுப்படுத்தும் வசதி அதன் இயங்குதளத்தின் மையமான கேர்னலில் உண்டு. அந்த வசதியைச் சோதிப்பது என் வேலை. டிக்கோயாவிலிருந்து பஸ்ஸில் வரும் சுகந்தி, தேயிலையின் படத்தைப் பார்த்துக் கொப்புள நோயைக் கண்டுபிடிக்கும் புரோகிராமை அதே கணினியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு திங்கட்கிழமை, என் சோதனையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் மிகக் குறைந்த பங்கை ஒதுக்கிப் பார்த்தேன். முடிவு அருமையாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் என் மடிக்கணினியில் அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டேன். சோதனை முடிந்தாலும் கட்டுப்பாடு தானாக நீங்காது. நாம்தான் நீக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சுகந்தி சிவந்த கண்ணோடு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, என் புரோகிராம் ஊர்ந்துக்கிட்டு கெடக்கு. நாலு நாளா மாத்தி மாத்தி எழுதிப் பாத்துட்டேன். எனக்கு இந்த வேலை சரிவராதுண்ணே. மேனேஜர் சேர்கிட்ட சொல்லிட்டு வேலைய விட்டு நின்னுக்கிறேன்."

திங்கட்கிழமை போட்ட கட்டுப்பாடு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உடனே அதை நீக்கினேன்.

"இப்ப ஓட்டிப் பாருங்க."

புரோகிராம் பறந்தது. நடந்ததைச் சொல்லிவிட்டு, திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்ப என் மேல தப்பில்லையாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

நாலு நாளில் அவள் என்னையோ கணினியையோ ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை. நானும் அவளைப் போலத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வளர்ந்தவன்தான். தப்பு என் மேலா என்ற அந்தக் கேள்வியை எத்தனையோ அதிகாரிகளின் மேசைகளுக்கு முன்னால் மனதுக்குள் கேட்டிருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஏதாவது மெதுவாக ஓடினால், சுகந்தி இருந்த இடத்திலிருந்தே சத்தம் போடுகிறாள்: "அண்ணே, என்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

பெரும்பாலும் நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். இருந்தாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.